கேப்டன் சூறாவளியும் மேஜர் புயலும்

"இந்தத் திருட்டுப்பய யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று போட்டிக் கம்பெனியின் காமிக்ஸ் புத்தகத்தை மேசைமேல் விட்டெறிந்தார் முதலாளி குளுக்ஸ்டர்ன். அட்டையில் நீல அங்கியோடு பறந்துகொண்டிருந்தார் மேஜர் புயல்.

திருட்டுப்பயல் எதிரில்தான் நின்றிருந்தான். மில்டன் ப்ளோட்கின் பகலில் இங்கே சிவப்பு அங்கி போட்ட கேப்டன் சூறாவளியை வரைவான். வீட்டுக்குப் போய் அதே மூஞ்சிக்கு நீல அங்கி மாட்டி, டேல் என்ற பொய்ப் பெயரில் ஹாலரன் கம்பெனிக்கு விற்பான். நியூயார்க்கில் யார்தான் யாரைக் காப்பியடிக்கவில்லை என்பது அவன் வாதம். தன்னையே காப்பியடிக்கும் அளவுக்குச் சோம்பேறி அவன் ஒருவன்தான்.

இரண்டும் ஒன்றுபோல் தெரியக்கூடாது என்று குளுக்ஸ்டர்ன் கத்தியதால், சூறாவளிக்கு மீசை வைத்தான். புத்தகம் விற்றுத் தீர்ந்தது. உடனே ஹாலரன், புயலுக்கும் மீசை வேண்டுமென்றார். முடியாது என்றால் சந்தேகம் வரும் என்று வைத்துக் கொடுத்தான். இங்கே மீசையை மழித்துவிட்டு நாய் ஒன்றைச் சேர்த்தான். அடுத்த மாதமே அங்கேயும் நாய் குரைத்தது. முதலாளிகளுக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கடைசியில் குளுக்ஸ்டர்ன் இரண்டு நாய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அந்த டேல் போட்ட நாயைப் பாரு, உயிரோட இருக்கு. உன்னோடது வைக்கோல் அடைச்சாப்ல இருக்கு. நாளையிலேருந்து நீ வர வேணாம். அவனை வரச் சொல்லி ஆள் அனுப்பப் போறேன்."

வீட்டில் மனைவி ரூத்துக்கு நிறைமாதம். மில்டன் அலறியடித்துக்கொண்டு ஹாலரனிடம் ஓடினான். அவரோ, குளுக்ஸ்டர்னிடம் ப்ளோட்கின் என்றொரு மேதை இருக்கிறானாம், அவனை இழுக்கப் போகிறேன், நீ கிளம்பு என்று டேலின் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். இரண்டு இடத்திலும் அவனைத்தான் தேடினார்கள். இரண்டு இடத்திலும் அவனால் முகத்தைக் காட்ட முடியாது.

ரூத்தின் தம்பி ஹைமி, டெலான்சி தெருவில் ஊறுகாய் விற்பவன். பென்சிலைக் காதில் சொருகுவதோடு சரி. அவனிடம் தன் படங்களைக் கொடுத்து, நீதான் டேல் என்று சொல்லி குளுக்ஸ்டர்னிடம் வேலையை வாங்கு, வீட்டிலிருந்து நான் வரைகிறேன், அங்கே எதையும் வரைந்து தொலைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னான் மில்டன்.

மாலையில் ஹைமி விசிலடித்துக்கொண்டு வந்தான்.

"அங்கயே ஒரு படம் போடச் சொன்னாரு, அத்தான்."

மில்டன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு என்ன வரும்? ஒரு வெள்ளரிக்காய்க்குக் கை கால் வெச்சு, அங்கி மாட்டிவிட்டேன். இந்த மாதிரி ஹீரோவை ஊர்லயே யாரும் போட்டதில்லைன்னு உடனே வேலை குடுத்துட்டாரு. உங்க படமெல்லாம் வேணாமாம்."

மில்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹைமி பரிவோடு அவன் தோளில் கைவைத்தான்.

"வர்ற வழியில அதே வெள்ளரிக்காயை மஞ்சளா அடிச்சு ஹாலரனுக்கும் வித்துட்டேன் அத்தான். அவரு ப்ளோட்கினைத்தானே தேடுறாரு, அங்க உங்க பேரைச் சொல்லிக்கிட்டேன்."