துவக்கண்ணையும் நாலு தோட்டாக்களும்

துவக்குச் சூட்டுக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்தவனிடம், எந்தத் துவக்கு வாங்கலாம் என்று இரண்டு வருடம் யோசனை கேட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தலைமைச் சமையல்காரர். எண்பதுகளின் நடுவில், பேர்ண் நகருக்கு வெளியே ஓர் உணவகத்தில் நானும் என்னைப் போலவே ஓடிவந்த சிவமும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். சுவிஸ்காரரான அவருக்கு நாங்கள் வைத்த பெயர் துவக்கண்ணை.

மனைவியை இழந்து தனியாக இருந்தவர். அறுபது வயதுக்குப் பிறகு வேட்டைப் பரீட்சை எழுதி, மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணியிருந்தார். ஓய்வு பெறுவதற்குள் ஒரு துவக்கு வாங்க வேண்டும். அதுவும் கவ்பாய் படங்களில் வருவது போல, விசையைச் சுற்றியுள்ள வளையத்தை இழுத்து மடக்கினால் அடுத்த தோட்டா ஏறுகிற துவக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டாகத் தகர டின் சுடவும், இலையுதிர் காலத்தில் மான் சுடவும் அந்த ஒன்றே உதவ வேண்டும். எந்தக் கலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, என்பதில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

வேலைக்கு நடுவே வெட்டுப் பலகையில் மரக்கறியைக் கலிபர்களாக அடுக்கிப் பாடம் எடுப்பார். போஞ்சிக்காய் இருபத்திரண்டு: மலிவு, சத்தம் குறைவு, டின்னுக்குச் சரி, மான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். கரட் முப்பது-முப்பது: மான் விழும்; டின்னுக்கு அது ஈயடிக்க உலக்கை தூக்கியது போல. முள்ளங்கி நாற்பத்துநான்கு: மானோடு நம் தோளும் விழும். முந்நூற்று ஐம்பத்தேழால் மான் சுடுவதென்றால் கிட்டப்போய்க் கைகுலுக்க வேண்டும் என்பார். அதற்குப் பொருத்தமான மரக்கறி தேடி ஒரு நாள் குளிர் அறைக்குள் போனவர் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. மேசைகளில் ஆட்கள் சூப்புக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் வந்த சூப்பில் நாலு கலிபரும் மிதந்தன.

"இவர் யோசிச்சு முடிக்க மானுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்," என்பான் சிவம்.

அவன் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவிவிடுவான். எனக்கு நழுவவும் கூச்சம்; நின்று கேட்பேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "இது சரியோ?" என்று என்னைப் பார்ப்பார். டொச்சில், அவர்களுடைய ஜெர்மன் பாஷையில், வாய் திறக்க வெட்கப்பட்டு, ஊரில் செய்வது போலத் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டுவேன். ஓம், சரிதான் என்று அர்த்தம். அவர் பெருமூச்சு விட்டு அடுத்த கலிபருக்குப் போவார்.

ஓய்வுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவரே ஒரு முடிவோடு வந்தார். முப்பது-முப்பது. மானுக்கு முழுத் தோட்டா, டின்னுக்கு வெடிமருந்து குறைத்து நிரப்பியது. துவக்குக் கடையின் படப்புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சனிக்கிழமை இதை வாங்கப் போறன். ஞாயிற்றுக்கிழமையளில நீயும் என்னோட வாறியோ?"

அந்த நாட்டில் அதுவரை என்னை எவரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. சந்தோஷத்தில் தலையை நாலைந்து தடவை நன்றாக ஆட்டினேன். அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். "சரி, விடு," என்று மட்டும் சொன்னார்.

துவக்கு வாங்காமலே தங்கை இருந்த மலைக்கிராமத்துக்குப் போய்விட்டார். உணவு பரிமாறும் பெண் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. பக்கவாட்டில் ஆடும் தலை அவர்களுக்கு வேண்டாம் என்பதாம். "சண்டை நடக்கிற நாட்டில இருந்து வந்தவனுக்குத் துவக்கைப் பற்றித் தெரியாதோ? நாலையும் வேண்டாம் எண்டுபோட்டான். என்னோட வரவும் மாட்டானாம்," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சிவம் விழுந்து விழுந்து சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"ஒரு கடிதம் போடுவம். நான் டொச்சில எழுதித் தாறன்."

ஓம் என்றேன், வாயால். ஆனால் என்னவென்று எழுதச் சொல்வது என வெட்கப்பட்டு, அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். பனிக்காலம் முடிந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது.

எனக்கு இன்றும் துவக்கென்றால் நடுக்கம்தான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போயிருந்தால், அவர் சுட்டு விழுத்துகிற ஒவ்வொரு டின்னையும் ஓடிப்போய் எடுத்து நிமிர்த்தி வைத்திருப்பேன்.