வாயில் நாலு ஆணி

ஐந்தாவது ஆணியும் வளைந்துவிட்டது. ஸ்டூலின் மேல் நின்றபடி நம்மவர் சுவரை முறைத்தார். சுவர் கண்டுகொள்ளவில்லை. வாயில் இன்னும் நாலு ஆணி மிச்சம் இருந்தது.

சோபாவில் சாய்த்து வைத்திருந்த பழைய புகைப்படத்தில் ஒரு கிராமத்துக் கொல்லர் உலைக்கு முன்னால் சம்மட்டியோடு நின்றார். பழைய சாமான் கடையில் பார்த்தவுடனே நம்மவருக்கு அது பிடித்துப்போயிற்று. என்ன புஜம், என்ன மீசை! இருபது வருடமாக அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு நாடா கட்டுவதுதான் நம்மவர் பிழைப்பு. வீட்டில் ஆம்பளையாக லட்சணமாக ஒருவராவது இருக்கட்டுமே என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் உள்ளே வந்தார். மனைவியின் அண்ணன். பதினோரு வருடமாக நம்மவரைப் 'பேப்பர்' என்று கூப்பிடுகிறவர்.

"என்ன பேப்பர், சுவரை இடிக்கிறீங்களா?" என்றவர், படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாரு இது? உங்க தாத்தாவா?"

வாயில் நாலு ஆணி இருக்கும்போது ஒரு மனிதர் என்ன பதில் சொல்ல முடியும்?

"ம்," என்றார் நம்மவர். கொஞ்சம் பொறுங்கள் என்ற அர்த்தத்தில்தான்.

"அம்மா வழித் தாத்தாவா?"

"ம்ம்."

மச்சான் ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லலையே மாப்ளே! எங்க தாத்தாவும் இரும்புத் தொழில்தான். பெரிய தொழிலதிபர். நான் பார்த்ததில்லை. ஆனா வாசல்ல அம்பது பேர் காத்துக் கிடப்பாங்கன்னு அம்மா சொல்லும்."

நம்மவர் ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். நாலாவது ஆணிக்குப் பின்னால் உண்மையும் வந்திருக்க வேண்டும். ஆனால் 'மாப்ளே' என்ற சொல் காதுக்குள் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையை மென்று விழுங்கிவிட்டார்.

மச்சான் போனதும் மனைவி கேட்டாள். "உங்கம்மாவோட அப்பா தையல்காரர்தானே?"

"ஊசியும் இரும்புதான்," என்றார் நம்மவர்.

மறுநாளே நம்மவர் மச்சான் வீட்டுக் கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். "கீச்சு கீச்சுன்னு கத்துது மாப்ளே. நீங்க ஒரு தட்டு தட்டுங்க போதும்."

ஒரு தட்டு தட்டினார். கத்தல் நின்றது, ஆனால் கேட் திறக்கவில்லை. இரண்டாவது தட்டில் திறந்தது, மூட முடியவில்லை. மூன்றாவது தட்டில் கேட் தெருவில் மல்லாந்து கிடந்தது.

நம்மவருக்கு உயிரே போய்விட்டது. மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்: "கொல்லர் பேரன் கை சார். கேட்டு தாங்கலை."

சொதப்பச் சொதப்ப மரியாதை ஏறுகிற அதிசயத்தை நம்மவர் அலுவலகத்தில் மேலதிகாரிகள் விஷயத்தில்தான் பார்த்திருக்கிறார். தனக்கே நடந்தபோது நம்பப் பயமாக இருந்தது. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்து ஒரு தகரப் பெட்டி வந்தது.

"போன மாசம் பரணை ஒழிச்சேன் மாப்ளே. மூட்டை மூட்டையா குப்பை. பிரிச்சுக்கூடப் பார்க்காம பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிட்டேன். மிஞ்சினது இது ஒண்ணுதான். அம்மாவோடது. சாவியைக் காணோம். சனிக்கிழமை அம்மா ஊர்லேர்ந்து வருது, அதுக்குள்ள திறந்து வச்சுடுங்க."

நம்மவர் பூட்டைக் குறிபார்த்து அடித்தார். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. அடுத்த அடியில் பூட்டு அப்படியே இருக்க, பெட்டியின் அடிப்பாகம் பெயர்ந்தது. அதன் வழியாக மாமியாரின் பீங்கான் கோப்பைகள் ஆறும் வரிசையாகக் கீழே இறங்கி உடைந்தன.

"பூட்டைத் தொடாமலே திறந்துட்டீங்களே!" என்றார் மச்சான். ஆனால் அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

நம்மவருக்குத் தாங்கவில்லை. பேப்பராக இருந்த காலத்தில் யாருடைய கோப்பையும் உடைந்ததில்லை. மாமியார் ஒருத்திதான் அந்த வீட்டில் ஆரம்பத்திலிருந்தே அவரை மதித்தவள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு மச்சான் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலை நம்மவர் வீட்டில் அவரும் மச்சானும் மாமியாருக்காகக் காத்திருந்தபோது, சுவரில் எப்படியோ தொற்றிக்கொண்டிருந்த கொல்லர் படம் ஆணியோடு பெயர்ந்து சோபாவில் விழுந்தது.

"மச்சான், எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது," என்றார் நம்மவர்.

"விரல் வீங்கியிருக்குல்ல, அதான். தள்ளுங்க, நான் அடிக்கிறேன்." மச்சான் ஸ்டூலில் ஏறி, நாலு ஆணியை வாயில் கவ்விக்கொண்டார்.

"அதில்லை மச்சான். இந்தப் படத்துல இருக்கறவரு யாருன்னா..."

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. பையோடு உள்ளே வந்த மாமியார், படத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அத்தை, மன்னிச்சுடுங்க. கோப்பை உடைஞ்சதுக்குக் காரணம் நான்தான். அந்தப் படமும்..."

மாமியார் காதில் எதுவும் விழவில்லை. படத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கப்பா!" என்றாள். "லாடம் அடிக்க அம்பது பேர் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல காத்துக் கிடப்பாங்களே, அதே பட்டறைதான் இது!"

நம்மவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

மாமியார் மகனை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "ஏண்டா, பரண்ல மூட்டையில இருந்த உங்க தாத்தா படத்தைப் பத்திரமா எடுத்து, மாப்பிள்ளை வீட்ல மாட்டணும்னு உனக்குத்தான் தோணுச்சா?"

மச்சான் வாயில் நாலு ஆணி இருந்தது.

"ம்," என்றார்.