புகை பார்க்க வந்தவர்கள்

"ஐயாவு அண்ணே, ஈப்போவிலேர்ந்து போன் வந்துச்சு. சனிக்கிழமை ஆபிசர் வாராராம். உங்க எஞ்சின் விடுற புகையைப் பார்க்கணுமாம்லா."

லோரி மெக்கானிக் பிச்சைமுத்து இதைச் சொன்னபோது ஐயாவு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சூடு தெரியாமல் ஒரே மடக்காக விழுங்கிவிட்டார்.

சுங்கை சிப்புட்டில் டீசல் எஞ்சினை வாடகைக்கு விடுபவர் அவர். தள்ளுவண்டியின் மேல் எஞ்சினும் டைனமோவும் உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணமோ திருவிழாவோ, விளக்கும் மைக்கும் அதன் தயவுதான். கித்தாக் காட்டில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஐயாவுவை நாலு பேர் 'முதலாளி' என்று கூப்பிட வைத்ததும் அதுதான். ஒரே குறை புகை. விவரம் தெரிந்தவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பந்தலில் உட்காருவார்கள்.

"புகைக்குக்கூடவா ஆபிசரு?"

"புதுச் சட்டம்ணே. கையில ஒரு அட்டை வச்சிருப்பாங்க. வெள்ளையிலேர்ந்து கருப்பு வரைக்கும் கட்டம் கட்டமா இருக்கும். புகைக்கு நேரா அட்டையைத் தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பாங்க. ரொம்பக் கருப்பா இருந்தா சமன்தான், அபராதம் போட்டு எஞ்சினையும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"நம்ம புகை எந்தக் கட்டத்துல வரும்?"

பிச்சைமுத்து கொஞ்சம் யோசித்தார். "அட்டைக்குள்ள வருமான்னு தெரியலண்ணே."

அன்றைக்கே பிச்சைமுத்து எஞ்சினில் கை வைத்தார். எதையோ கழற்றித் துடைத்து, எதையோ முறுக்கினார். அதுவரை கருப்பாக வந்த புகை, இப்போது கருப்பாகவும் கொழகொழவென்றும் வந்தது. பக்கத்து வாழை மரத்தில் இருந்த காக்காய்கள் இடத்தைக் காலி செய்தன.

"கொஞ்சம் ஓடினா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு பிச்சைமுத்து தானும் ஓடிவிட்டார்.

ஐயாவு சும்மா இருக்கவில்லை. புகை வந்தால்தானே குற்றம், கண்ணுக்குத் தெரியாவிட்டால்? நீளமான குழாய் ஒன்றைப் புகைபோக்கியில் மாட்டி, மறுமுனையை வீட்டுப் பக்கத்து லொங்காங்குக்குள் செருகினார். மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடிய சாக்கடை அது. எஞ்சினை ஓடவிட்டார். புகையைக் காணோம். அவருக்கே மெய்சிலிர்த்தது.

அடுத்த வீட்டிலிருந்து டோரிஸின் குரல் வந்தது.

"ஐயாவு அண்ணே! என் குளிக்கிற ரூம்ல தண்ணி போற ஓட்டையிலேர்ந்து புகை வருது!"

"கதவைத் தொறந்து வைம்மா, போயிரும்!"

"நான் உள்ள குளிச்சிக்கிட்டு இருக்கேண்ணே!"

அடுத்து ஈரச் சாக்கு. நனைத்த சாக்கைப் புகைபோக்கியின் வாயில் கட்டினால் கரியெல்லாம் அதிலேயே தங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். எஞ்சின் இரண்டு முறை முக்கியது. மூன்றாவது முக்கலில் சாக்கு பீரங்கிக் குண்டு போலப் பறந்து, புறக்கடையில் அவர் மனைவி நல்லம்மாள் பிசைந்து வைத்திருந்த அதிரச மாவுக்குள் விழுந்தது.

வெள்ளிக்கிழமை நல்லம்மாளின் தம்பி ஜெயபாலனுக்குக் கல்யாணம். மாவு அதற்காகப் பிசைந்தது.

"அதிரசம் போனாப் போவுது" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வெள்ளிக்கிழமை லைட்டு மட்டும் எரியல, அப்பறம் என்னைப் பார்க்காதீங்க."

வியாழக்கிழமை டோரிஸின் புருஷன் பெர்னார்ட் லீவில் வந்தார். லூமுட் கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை. மனைவி இரண்டு நாளாகக் கரி வாசம் அடிப்பதாகச் சொன்னதும் நேராக எஞ்சினைப் பார்க்க வந்துவிட்டார்.

"உள்ள ரிங்கெல்லாம் தேஞ்சு போச்சுண்ணே. முழுசாக் கழட்டி மாத்தினா புகையே வராது. ஆனா திரும்பப் பூட்டி முடிக்கச் சனிக்கிழமை காலையாயிரும்."

ஐயாவு வீட்டுப் பக்கம் பார்த்தார். நல்லம்மாள் புதுச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சினைப் பார்த்தார். அது போனால் மறுபடியும் பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

"கழட்டுங்க தம்பி" என்றார், குரலைத் தாழ்த்தி.

ஜெயபாலன் கல்யாணம் இரவல் வாங்கிய காஸ் விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. மைக் இல்லாததால் ஐயர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கடைசி மந்திரங்களைச் சைகையில் முடித்தார். முக்கியமான நேரத்தில் ஒரு விளக்கு அணைந்து, ஜெயபாலன் மாலையை மணப்பெண்ணின் அக்காவுக்குப் போடப் போக, அக்காவின் புருஷன் எழுந்து நின்றுவிட்டார். நல்லம்மாள் ஐயாவுவிடம் பேசுவதை அத்தோடு நிறுத்தினாள்.

சனிக்கிழமை வேன் வந்து நின்றது. ஆபிசரும் அவர் பின்னால் மூன்று இளைஞர்களும் இறங்கினார்கள். மூன்று பேர் கையிலும் அட்டை.

ஐயாவு சாமியைக் கும்பிட்டு எஞ்சினை முடுக்கினார். அது பூனை போல உறுமியது. புகைபோக்கிக்கு மேலே வானம் துடைத்து வைத்தது போல நீலமாக இருந்தது.

மூன்று அட்டைகளும் உயர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"இதுதானா அந்த எஞ்சின்?" ஆபிசர் கேட்டார்.

"இதேதான் சார்."

"கொஞ்சங்கூடப் புகை வராதா? லோடு ஏத்திப் பாருங்க."

ஐயாவு இருந்த விளக்கையெல்லாம் மாட்டினார். பட்டப்பகலில் வீடு திருவிழா போல ஜொலித்தது. புகை மட்டும் வரவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?"

"வாங்கின நாள்லேர்ந்து இப்படித்தான் சார். இதுவரைக்கும் ஒரு ஆள் குறை சொன்னதில்ல."

வேலிக்கு அந்தப் பக்கம் டோரிஸ் ரொம்ப நேரம் இருமினாள்.

ஆபிசர் பெருமூச்சு விட்டார். நீட்டிய ஆரஞ்சுத் தண்ணியைக்கூட வாங்காமல் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். இளைஞர்களும் வாடிய முகத்தோடு பின்னாலேயே ஏறினார்கள்.

"பார்த்தியா? ஆபிசரே வாயடைச்சுப் போயிட்டாரு!" ஐயாவு மனைவியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு வாரத்தில் முதன்முறையாக நல்லம்மாளின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

வேன் டிரைவர் மட்டும் நின்று, மிச்சமிருந்த ஆரஞ்சுத் தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு அட்டை பார்க்கப் பழக்கணும், மாசாமாசம் வாடகைக்கு எடுத்துக்கலாம், நல்லாக் கருப்பாப் புகை விடுற எஞ்சின் ஒண்ணு வேணும்னு பேராக் மாநிலம் முழுக்கத் தேடினோம். உங்களுதை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு சொன்னாங்களே!"