பச்சைத் திரைக் காரும் திறந்த ஜீப்பும்

பழவேற்காடு,
டிசம்பர் 1984

மதிப்பிற்குரிய இனாயத்துல்லா மாமாவுக்கு ஜொஹராவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால், காரைத் தவிர இங்கு அனைவரும் நலம். புது ஜீப்பை எங்களுக்கு அனுப்பிய தங்கள் தாராள மனம் என்றும் குறையாதிருக்க துஆ செய்கிறேன்.

ஜீப் வந்துவிட்டதால் பழைய காரை வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மாமா. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்த கார் அது. வீட்டுக்குள் புத்தகத்தைத் திறந்தால், "சும்மாதானே குந்தினு இருக்கே" என்று யாராவது வெங்காயத்தை நீட்டுகிறார்கள். ஷெட்டில் நிற்கும் காரில் ஏறி ஜன்னலின் பச்சைத் திரையை இழுத்துவிட்டால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. அந்தத் தோல் இருக்கையும், கதவு மூடும்போது கேட்கும் பெரிய மனுஷச் சத்தமும் எந்த ஜீப்புக்கு வரும்?

ஜீப்பையும் குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டூரில் நிக்காஹ். திரையில்லாத வண்டியில் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால் ஆண்கள் ஜீப்பில் முன்னே போக, பெண்கள் காரில் போனோம். மழைச் சேற்றில் கார் புதைந்தது. டிரைவர் மீரானோடு சேர்ந்து வழியில் போனவர்களெல்லாம் தள்ளினார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிய கோவிந்தம்மா மூச்சு வாங்கக் கேட்டாள்:

"இன்னாக்கா, ஊரையே உள்ள வெச்சிக்கினு தள்ளச் சொல்றீங்க? எறங்குனா தானா வந்துரும்!"

திரைக்குள்ளிருந்து அம்மா சொன்னார்: "ஆம்பளைங்க நிக்கறாங்கம்மா, எப்டி எறங்கறது? நீ தள்ளு. நாங்க மூச்சைப் புடிச்சிக்கினு லேசா குந்திக்கறோம்."

பிடித்தோம். கார் இன்னும் இரண்டு விரல் இறங்கியது.

எங்களைக் காணாமல் திரும்பி வந்த ஜீப், வலைக்கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பில் காரை வெளியே எடுத்தது. எஞ்சின்தான் உயிர் பெறவில்லை. நிக்காஹ் நேரம் தவறிவிடும் என்பதால், மற்ற ஆண்களைக் காருக்குக் காவல் வைத்துவிட்டு, வாப்பா ஓட்ட நாங்கள் ஜீப்பில் ஏறினோம். அம்மா துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். காற்று அதை விலக்கிவிட்டது.

"ஏரி இவ்ளோ பெருசாடி?"

"நாப்பது வருஷமா இங்கதானேம்மா இருக்கீங்க?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நான் திரையைத்தானே பாத்துக்கினு போவேன்!"

நிக்காஹ் முடிந்து திரும்பும்போது காரையும் ஜீப்தான் ஷெட்டுக்கு இழுத்து வந்தது. ஆகவே மாமா, ஜீப் ஊருக்கு, கார் எனக்கு. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம்.

தங்கள் அன்பு மருமகள்,
ஜொஹரா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் தங்கள் அக்கா காரின் பச்சைத் திரைகளையெல்லாம் கழற்றி ஜீப் இருக்கைக்கு உறை தைத்துவிட்டார். இருந்தாலும் புத்தகத்தோடு காரில் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் ஜன்னல் வழியாக வெங்காயம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆளை அனுப்பிவிடுங்கள்.