கூடையில் விழாத இரண்டு பந்துகள்

இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். ஆனால் எங்கள் ஊர் பசியாவரத்தில் ஒருத்தரும் என்னிடம் எல்லையைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் கூடையில் விழாத இரண்டு பந்துகளைப் பற்றித்தான். (கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிடுவார்கள்.)

கல்லூரியில் கூடைப்பந்து ஆடியதால்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. எங்கள் அணியில் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். நான்தான் கொஞ்சம் அதிகமாக அலட்டுவேன். ஃப்ரீ த்ரோவா, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவதுதானே, கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று சொல்லித் திரிந்தேன்.

படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டி. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா போன் செய்தாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, முதுகெலும்பு முறிந்துவிட்டது. "உன்னியேதான் கேக்குறார்டா" என்றாள். லீவு கேட்டேன். பயிற்சியாளரான சுபேதார், கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

ஆட்டம் முடிய நான்கு விநாடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். என்னை ஒருவன் இடித்துத் தள்ளியதில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் வெற்றி. முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. நேராகப் போய், முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரியின் கையிலிருந்த டீயைத் தட்டிவிட்டது. (லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.)

மறுநாள் போட்டுவிட்டார். இரக்கமா, என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லையா, தெரியாது.

நைனாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "இன்னாடா, கெலிச்சியா?" என்றார். பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன், வரவில்லை. டீ வரைக்கும் சொன்னேன். படகு கவிழ்ந்ததற்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றுதான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் என்னையே சொல்லச் சொன்னார். ஒன்பது நாள் சொன்னேன். பத்தாம் நாள் போய்விட்டார்.

வாய்க்கரிசி போடக் குனிந்தேன். அரிசி அவர் வாயில் விழாமல் கழுத்தோரம் சிந்தியது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தியும் வெளியவே போட்டியாடா?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி இருந்த பெண்களும் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். நான் அரிசியைப் பொறுக்கி மறுபடி போட்டேன்.

இப்போது என் மகள் தட்டுக்கு வெளியே ஒரு பருக்கை சிந்தினாலும் அம்மா அதையேதான் சொல்கிறாள். எங்கே, எப்போது சொன்னது என்று மகளுக்குத் தெரியாது. அவளும் சிரிக்கிறாள்.