துருக்கிப் பையனுக்குப் பசுந்தாங்கில் ஒரு மாமா

மாமன்களில் பல வகை. தாய்மாமன் உண்டு, முறைமாமன் உண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தும் ஊர்மாமன் உண்டு. இவர்களுக்கெல்லாம் மேலே ஒருவர் இருக்கிறார். ரத்தம், மொழி, மதம், கண்டம் எதுவுமே ஒட்டாத ஒரு கால்பந்தாட்டக்காரனை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் மருமகனாக்கிக்கொண்டு, முழங்கால் மோவாயில் இடிக்கும் தேநீர்க் கடைக் குட்டை முக்காலியில் உட்கார்ந்தபடியே அவன் பிழைப்பை நடத்தி வைக்கிறவர். இவருக்குக் கோட்டோர மாமன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆட்டக்களத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஐயாயிரம் மைல் தள்ளி நிற்பதால்.

மாதிரிக்கு ஒருவர் வேண்டுமா? ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில் தையல் மிஷின் பழுது பார்க்கும் தனசேகரனைப் பாருங்கள். பர்மியர்களுக்கு, மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்து, ஊ தனா. மருமகன் பெயர் தாரிக் யெல்தேகின். துருக்கியில் கருங்கடல் ஓரத்துப் பையன். நாட்டுக்காக எட்டு முறை ஆடியவன். பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் போனான், பிறகு ஸ்பெயின், இப்போது பெல்ஜியம். போனான் என்று நீங்களும் நானும்தான் சொல்வோம். ஊ தனா அப்படிச் சொல்ல மாட்டார்.

"ஜெர்மனிக்கு அனுப்பிச்சோம். பையன் நல்லாத்தான் ஆடினான். ஸ்பெயின் வேணாம், அந்த வெயில் ஆகாதுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டானா?"

எப்படிக் கேட்பான்? சொன்னது பசுந்தாங் தேநீர்க் கடையில். அதுவும் மின்சாரம் போன நேரத்தில்.

இந்தப் பாசம் எங்கே முளைத்தது தெரியுமா? பல வருஷம் முன்னால், இதே கடைத் தொலைக்காட்சியில் தாரிக்கை எவனோ காலைவாரி விட்டான். மற்ற ஆட்டக்காரர்கள் இடறினால் புல்தரையில் மாவு பிசைவது போல உருள்வார்கள். இவன் உருளவில்லை. எழுந்தான், முட்டியைத் தட்டினான், ஓடினான். "குலத்துப் பிள்ளை!" என்றார் ஊ தனா. எந்தக் குலம் என்று யாரும் கேட்கவில்லை. அன்று முதல் தாரிக் கோல் போட்டால் பசுந்தாங்கில் மிஷின்கள் தாமாகவே தைக்கும். கோட்டைவிட்டால், ஊரோரத்து ஷ்வேப்யிதா தையல் ஆலையிலிருந்து வந்த பதினாறு மிஷினும் பதினாறு நாள் அடம் பிடிக்கும். பொய்யென்றால் அந்த ஆலையில் கேளுங்கள், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கோட்டோர மாமனுக்குச் சில சடங்குகள் உண்டு. ஆட்டத்தன்று சவரம் கிடையாது. சென்ற முறை ஜெயித்தபோது கட்டியிருந்த லுங்கிதான் இந்த முறையும். அதைத் துவைத்தால் வீட்டில் ரகளை. தோற்றால் பயிற்சியாளன் முட்டாள், ஜெயித்தால் "நான் அன்னிக்கே சொன்னேன்." வீட்டு அரிசி தீர்ந்தது தெரியாது. மருமகனின் இடது முட்டி மட்டும் சவ்வு சவ்வாகத் தெரியும்.

அந்த முட்டிதான் போன மாதம் வீங்கியது.

பர்மாவில் பிறந்த தேதியைவிடப் பிறந்த கிழமை பெரிது. புத்தர் கோயிலான பகோடாவில் கிழமைக்கு ஒரு மூலை. அவரவர் மூலையில், வயசுக்கு ஒரு கிண்ணமும் மேலே ஒன்றுமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் ஆட்களும் மூன்று தலைமுறையாக, காலையில் மாரியம்மன், மாலையில் பகோடா என்று இரண்டு பக்கமும் உறவை முறிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஊ தனா கணக்குப் போட்டார். தாரிக் புதன்கிழமைப் பிள்ளை, வயது இருபத்தேழு. புதன் மூலையில் தந்தமுள்ள யானைக்கு முன்னால் இருபத்தெட்டுக் கிண்ணம் ஊற்றினார். முட்டி இன்னும் வீங்கியது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. புதன்கிழமைக்கு மட்டும் மூலை இரண்டு. நண்பகலுக்கு முன்னால் பிறந்தால் தந்தமுள்ள யானை; பின்னால் பிறந்தால் தந்தமில்லாத யானை, ராகு. தாரிக்கின் தாயார் ஏதோ பேட்டியில் காலை பத்து மணி என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே காலை பத்து என்றால் ரங்கூனில் பகல் ஒன்றரை!

"ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பாரு?" என்று ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் எதிரே உட்கார்ந்திருந்த ஆபித்தைக் கேட்டார். ஆபித் பக்கத்துக் கடையில் குடை விற்பவர். இருபது வருஷச் சிநேகிதர்.

"தனா அண்ணே, அந்தப் பையன் எங்க ஆளு. அவனுக்கு யானையே கிடையாது."

"முட்டிக்கு மதம் ஏதுய்யா?"

ஆபித் தேநீரை உறிஞ்சினார்.

இதற்கு நடுவே தனசேகரனின் கைபேசி மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது அவருடைய ஒரே மகன் நரேஷ், வயது இருபத்துமூன்று. மலேசியாவில், பினாங்கில் கையுறை ஆலையில் வேலை. பழைய ஒப்பந்தம் முடிகிறது. அன்று மதியத்துக்குள் புதிதாகக் கையெழுத்துப் போடவேண்டும், அல்லது மாட்டேன் என்று சொல்லவேண்டும். அப்பாவைக் கேட்காமல் முடிவெடுக்க மனசு வரவில்லை. அப்பாவோ ஒவ்வொரு முறையும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, முட்டி பற்றிய செய்தி வந்திருக்கிறதா என்று அதே கைபேசியில் தேடினார்.

பத்தரைக்கு அவர் மனைவி புஷ்பலதா தின்கன்ஜூன் பேட்டையிலுள்ள வீட்டிலிருந்து டாக்சி பிடித்து வந்து இறங்கினார். சண்டை போடுவார் என்று ஆபித் ஒதுங்கினார். புஷ்பலதா சண்டை போடவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டார். தம்முடைய கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னங்க, பையனைப் பத்திச் சேதி வந்திருக்கு."

"தாரிக்கா? சொல்லு சொல்லு!"

"முட்டி ரொம்ப வீங்கிக் கெடக்காம். இருக்கிற எடத்துலயே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்களாம். ஈப்போ... எங்கேயோ ஒரு சின்ன எடத்துலயும் கூப்பிடறாங்களாம். பேரு பெருசா இல்ல. ஆனா முட்டிக்கு வேலை கம்மியாம்."

ஊ தனா எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

"கையெழுத்தா! முட்டி என்ன இரும்புலயா செஞ்சிருக்கு? பிழிஞ்சு எடுத்துட்டு நாளைக்குத் தெருவுல விட்டுடுவானுங்க லதா! சின்ன எடந்தான் மேல். பேரு என்னடி பேரு, காலு இருந்தாத்தானே பேரு! இத எடுத்துச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரிய மனுஷன் இல்லையா? அப்பன் என்ன செத்தா போயிட்டான்?"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

புஷ்பலதா கைபேசியை நிமிர்த்தினார். திரையில் நரேஷ். ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறான்.

"சரிப்பா," என்றான். "கையெழுத்துப் போடல. பக்கத்துல ஈப்போவுல, கூப்பிட்டுக்கிட்டே இருக்கிற அம்சவேணி அத்தை கடைக்கே போயிடறேன். நின்னு நின்னு வேலை செஞ்சு வீங்கின என் முட்டி ஆறினதும் பேசறேன்."

ஊ தனா வாயைத் திறந்தார். தொலைக்காட்சியைப் பார்த்து பதினோரு பேர் கொண்ட அணியை அதட்டும் அந்த வாயிலிருந்து, "சாப்பிட்டியா?" என்ற ஒன்றுதான் வந்தது.

போனை வைத்தபின் புஷ்பலதா மெதுவாகக் கேட்டார்: "நம்ம நரேஷும் புதன்கிழமைதான். காலையிலயா, மத்தியானமா? சொல்லுங்க பாப்போம்."

ஊ தனா ஆபித்தைப் பார்த்தார். ஆபித் டம்ளருக்குள் பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை பகோடாவில் ஒரு மனிதர் தந்தமுள்ள யானைக்கு இருபத்துநான்கு கிண்ணம், ஓடிப்போய்த் தந்தமில்லாத யானைக்கு இருபத்துநான்கு கிண்ணம் ஊற்றினார். மகன் பிறந்த நேரத்தைக் கேட்டால் மனைவி சிரிப்பாள் என்று இன்னும் கேட்கவில்லையாம். போகிற போக்கில் தாரிக்குக்கும் ஒரு கிண்ணம். வழக்கம் விடுமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குப் பந்தாட்டமே பிடிக்காது; நடிகனோ, பாடகியோ, கிரிக்கெட்டோ, அது வேறு விஷயம். சரி. உங்கள் வீட்டில் பிறந்தது எத்தனை மணிக்குப் பிறந்தது? கைபேசியை ஏன் எடுக்கிறீர்கள்? அதில் தாரிக் பிறந்த நேரம்தான் கிடைக்கும்.