பூவரசுக்குக் கருமாதி செய்த டீச்சர்

மண்சட்டிக்கு வளைகாப்பு நடத்திய ஒரே ஆசிரியை இந்தப் பூமியில் எங்கள் வெதை டீச்சர்தான். பிள்ளைப்பாக்கம் தாண்டியிருந்த எங்கள் சிற்றூர்ப் பள்ளிக்கு, எழுபதுகளில், காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். கைப்பையில் சோற்றைவிடப் புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும்தான் அதிகம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விதை, முளை, கன்று என்றால் மண்டையில் ஏறாதாம். வீட்டில் நடப்பதைக் காட்டினால் ஏறுமாம்.

அதனால் புளியங்கொட்டை ஊன்றிய சட்டிக்குக் கண்ணாடி வளையல் மாட்டினார். முளை விட்டதும் பெயர் சூட்டினார். பள்ளிக்கூடத்து முருங்கை முதல் பூ விட்டபோது, அது பெரியவளாகிவிட்டதென்று பிள்ளைகளை விட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வைத்தார். ஊர்ப் பெண்கள் புட்டு அவித்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

கார்த்திகைப் புயலில் பள்ளிக்கூடத்துப் பூவரசு வேரோடு சாய்ந்தது. அதில் கயிறு கட்டி ஆடிய என் ஆறு வயது மகள் இரண்டு நாள் சோறு இறங்காமல் அழுதாள். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அம்மா, தலைல தண்ணி ஊத்து. சாவுக்குப் போயிட்டு வரேன்."

பக்கத்து வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது. எதிர் வீட்டில் இரண்டு. எல்லாம் தலைக்குத் தண்ணீர் கேட்டு. செத்தது யாரென்று தெரியாமலே என் மனைவி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டே ஓடிவந்து, "இன்னா ஆச்சு, யாருக்கா போனது?" என்று இவளையே கேட்டாள். பிறகுதான் விஷயம் வெளிவந்தது. பூவரசுக்குப் பால் தெளித்து, சூடம் ஏற்றி, பிள்ளைகளை வைத்தே டீச்சர் காரியம் முடித்திருக்கிறார்.

அன்று ராத்திரி என் மகள் இரண்டு தட்டு சோறு தின்றாள். கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. மறுநாள் எங்கள் பஜனைக் கோயில் உற்சவம். மரம் செத்தால் தீட்டு உண்டா என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று நாள் தள்ளிப் போட்டோம். சொல்லி வைத்திருந்த நாதஸ்வரக்காரர் வேறு கல்யாணத்துக்குப் போய்விட, வெறும் சங்கு ஊதிப் பெருமாளைப் புறப்பாடு செய்தோம்.

அஞ்சாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பா அம்மா உயிரோடிருக்கிற பிள்ளைகளைக் கருமாதி செய்ய வைத்தார் என்று டீச்சர் மேல் கல்வி ஆபீசுக்கு மனு எழுதினேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். டீச்சர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"போன வருஷம் அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணீங்களே அண்ணே. வேம்புக்கு அப்பாவா நின்னு தாரை வாத்துக் குடுத்ததே நீங்கதானே. கல்யாணம் நடக்குற மரத்துக்கு சாவு மட்டும் கெடையாதா? கொழந்தைங்க அழுதுகிட்டே இருந்துச்சுங்க. அழுது முடிக்க ஒரு வழி வேணுமில்ல?"

அதிகாரியே சிரித்துவிட்டார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறாயா என்று என்னைக் கேட்டார். சரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஊர் முன்னால் தோற்பதா என்ற வீம்பில், எழுதினது எழுதினதுதான் என்றேன். பத்தே நாளில் டீச்சரை உத்திரமேரூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

போகிற அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறாரென்று மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். அங்கேயே வந்துவிட்டார்.

"அண்ணே, பாடம் கொஞ்சம் மிச்சம் இருக்குது. அடுத்த வருஷ மழைக்கு அப்பறம் பாப்பாவ அந்தப் பூவரசுகிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அத்தோட முடிஞ்சிடும்."

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்.

அந்தக் கட்டையை யாரும் விறகுக்குத் தொடவில்லை. காரியம் நடந்த மரமாயிற்றே. அடுத்த மழை விட்ட ஒரு காலையில் மகளைக் கூட்டிப்போனேன். கட்டை முழுக்கக் காளான். பட்டைக்குள் வண்டு, புழு, எறும்பு. உளுத்த இடத்தில் எது மரம், எது மண் என்று தெரியவில்லை. அதில் என்னமோ ஒரு முளை, இரண்டு இலையோடு.

மகள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர எப்போப்பா கூட்டியாருவ? இத்தக் காட்டணும்" என்றாள்.

அவளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இன்னும் கூட்டிவரவில்லை.

வருஷா வருஷம் அவள் பிறந்த நாளில் பெருமாளுக்கு அர்ச்சனை செய்யும்போது, டீச்சர் பேரிலும் ஒன்று செய்கிறேன். மனுவில் எழுதிய பாவத்தால் முழுப் பெயரும் மறக்கவில்லை. நட்சத்திரம்தான் தெரியாது. பட்டர் கேட்டால் என் மகளுடையதையே சொல்லிவிடுகிறேன்.